36 இழுப்பறை, ஒரே அளவு: டேபிள் சாவில் எதை நம்புவது?

பெங்களூரு அல்சூரில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் ஒருவருக்குப் போன வருடம் ஓர் அலமாரி செய்து கொடுத்தேன். ஆறுக்கு ஆறு, மொத்தம் 36 இழுப்பறை. சுக்குக்கு ஒன்று, திப்பிலிக்கு ஒன்று, அதிமதுரத்துக்கு ஒன்று என்று போகும். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். "எந்தப் பெட்டியை உருவி எந்தக் குழியில சொருகினாலும் சரியா உக்காரணும் தம்பி. மழைக்காலம் வந்தா நான் இடம் மாத்திடுவேன்."

சரி என்று தலையாட்டிவிட்டு காமாட்சிபாளையாவில் இருக்கும் என் ஷெட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். அப்புறம்தான் வயிற்றைக் கலக்கியது. வழக்கமாக நாங்கள் செய்வது வேறு. இழுப்பறையைக் கொஞ்சம் இறுக்கமாகச் செய்து, அதனதன் குழிக்கு ஏற்ப இழைத்து, பின்பக்கம் பென்சிலால் நம்பர் போட்டுவிடுவோம். ஏழாம் நம்பர் ஏழாவது குழியில் மட்டும்தான் போகும், யாரும் கேட்கப்போவதில்லை. இங்கே அந்த வழி அடைபட்டுவிட்டது. ஒரு பெட்டிக்கு 300 மி.மீ. பக்கப் பலகை இரண்டு, 170 மி.மீ. முன்பலகை, பின்பலகை. ஆக 72 துண்டு ஒரே நீளம், இன்னொரு 72 துண்டு வேறொரு நீளம். எல்லாம் 12 மி.மீ. பிளைவுட்.

இந்த 144 துண்டை டேபிள் சாவில், அதாவது நடுவே பிளேடு எட்டிப்பார்க்கும் மேஜை ரம்பத்தில், எதை வைத்து வெட்டுவது என்று யோசித்ததையும், முயன்று பார்த்ததையும்தான் எழுதுகிறேன். உங்கள் வேலை கிச்சன் கேபினெட்டாக இருக்கலாம், புத்தக ஷெல்ஃபாக இருக்கலாம். கேள்வி ஏறக்குறைய இதுவேதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். சரியான அளவு வேறு, ஒரே அளவு வேறு. 72 துண்டும் 170-க்குப் பதில் 169.4 ஆக வந்தால் ஒரு குடியும் முழுகாது, எல்லாப் பெட்டியும் அரை மி.மீ. லூசாக ஓடும். ஆனால் சிலது 169.4, சிலது 170.3 என்று வந்தால் பெட்டி கோணும், சிலது சிக்கும். என் பக்கத்து ஷெட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார், எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் பேட்டர்ன் மேக்கராக, அதாவது வார்ப்புக்கு மாதிரி செய்பவராக, இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு ஸ்டீல் ஸ்கேல் உண்டு, அது வேண்டுமென்றே தப்பான ஸ்கேல். வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு ஒரு நூல் (இன்ச்சில் எட்டில் ஒன்று) சுருங்கும் என்பதால், அந்த ஸ்கேலின் ஓர் அடியே ஒரு நூல் நீளம் கூடியது. "அளவு தப்பா இருந்தா பரவாயில்ல, எல்லாத்துக்கும் அதே தப்பு இருக்கணும்" என்பார். நான் தேடியதும் அதே தப்பைத் தவறாமல் 72 முறை செய்யும் ஒரு வழியைத்தான்.

மெஷினோடு வரும் ஃபென்ஸிலிருந்து தொடங்கலாம், அதாவது பலகையின் ஓரத்தை ஒட்டித் தள்ளுவதற்காக பிளேடுக்குப் பக்கவாட்டில் பூட்டும் நேர் சட்டம். என்னுடையது 10 இன்ச் பிளேடு போடும், சைட்டுக்குத் தூக்கிப்போகிற வகை. ஷீட்டைப் பட்டையாகக் கிழிக்க ஃபென்ஸை விட எளிய வழி கிடையாது. 120 மி.மீ. உயரப் பெட்டி என்றால், ஃபென்ஸை ஒரே முறை 120-இல் பூட்டி எல்லாப் பட்டையையும் கிழித்துவிட வேண்டும். நடுவில் வேறு வேலைக்கு நகர்த்திவிட்டு மறுபடி 120 என்று ஸ்கேலைப் பார்த்து வைத்தால் அதே 120 வராது. ஸ்கேலில் இருக்கும் கோட்டின் தடிமனே கால் மி.மீ.க்கு மேல் இருக்கும். கண் எந்தப் பக்கம் சாய்ந்து பார்க்கிறதோ அந்தப் பக்கம் அளவு போகும். பிளேடு மாற்றினாலும் அப்படித்தான். பருமனான பிளேடு 3.2 மி.மீ. மரம் தின்னும், மெல்லியது 2.4. மாற்றிய பிறகு ஸ்கேலின் முள்ளைத் திருத்தாவிட்டால் எல்லா அளவும் அரை மி.மீ.க்குக் கொஞ்சம் குறைய தள்ளி வரும்.

ஃபென்ஸைக் குறை சொல்வதற்கு முன் பிளேடைப் பாருங்கள். மேஜையில் முன்னிருந்து பின்னாக ஓடும் பள்ளமான காடிக்கு பிளேடு இணையாக இருக்கிறதா? ஒரு கட்டையில் பித்தளை ஸ்குரூ ஒன்றை ஏற்றி, கட்டையைக் காடியோரம் ஒட்டிவைத்து, ஸ்குரூவின் தலை ஒரு பல்லை உரசும்படி திருப்புங்கள். அதே பல்லைப் பின்பக்கம் சுற்றிக் கொண்டுபோய், கட்டையையும் பின்னால் தள்ளி, அங்கேயும் அதே அளவு உரசுகிறதா பாருங்கள். இதைச் செய்யும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். வேறு வேறு பல்லை வைத்துப் பார்த்தால் பிளேடின் வளைவும் சேர்ந்து ஏமாற்றும். பிளேடு காடிக்கு இணை, ஃபென்ஸும் காடிக்கு இணை, இந்த வரிசை முக்கியம். ஃபென்ஸின் பின்முனை பிளேடை நோக்கிச் சாய்ந்திருந்தால் பலகை கருகும், பிளேடு அதை உங்கள் மேலேயே எறியவும் செய்யும்.

நம் ஊரில் நிறையப் பேரிடம் இருப்பது கம்பெனி டேபிள் சா அல்ல, கைச் சர்க்குலர் சாவைத் தலைகீழாகப் பலகைக்கு அடியில் முடுக்கிய மேஜை. ஃபென்ஸ் என்றால் இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்ட ரீப்பர். அதில் வேலை செய்து பிழைப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன், நானும் மூன்று வருடம் அதில்தான் ஓட்டினேன். ஆனால் பிளேடுக்குப் பின்னால் பலகை மூடிக்கொள்ளாமல் காக்கும் தகடு அதில் இருக்காது, காடியும் இருக்காது. அப்படிப்பட்ட மேஜையில் 144 துண்டு வேலையை எடுக்காதீர்கள்.

இனி குறுக்கு வெட்டு. பட்டைகளைக் கிழித்தாகிவிட்டது, இப்போது 170, 300 என்று நறுக்க வேண்டும். எல்லாருக்கும் தோன்றும் குறுக்குவழி, ஃபென்ஸை 170-இல் வைத்து, மைட்டர் கேஜால் (காடியில் ஓடும், பட்டையைக் குறுக்காகத் தாங்கித் தள்ளும் கருவி) பட்டையைத் தள்ளி, நுனி ஃபென்ஸைத் தொடும்படி வெட்டுவது. அளவு அழகாக வரும். ஆனால் வெட்டு முடிந்ததும் அந்த 170 மி.மீ. துண்டு பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே சிக்கி நிற்கும், தள்ள எதுவும் இல்லாமல். கொஞ்சம் கோணினால் போதும். எனக்கு ஒருமுறை அடிவயிற்றில் வந்து அறைந்தது. பெல்ட் பக்கிளில் பட்டதால் ஒரு வாரக் கன்றிப்போதலோடு போயிற்று. மைட்டர் கேஜும் ஃபென்ஸும் ஒரே வெட்டில் துண்டின் இரு முனையையும் பிடிக்கக் கூடாது.

இதற்கு ஒரு பைசா செலவில்லாத மாற்று உண்டு. ஃபென்ஸில், பிளேடுக்கு வெகு முன்னால், சரியாக 25 மி.மீ. தடிமனுள்ள ஒரு கட்டையைக் கிளாம்ப் செய்யுங்கள். பட்டையின் நுனி அந்தக் கட்டையைத் தொட்டு அளவு எடுத்துக்கொள்ளும். கேஜோடு முன்னே நகர்ந்து பிளேடைத் தொடும்போது நுனிக்கும் ஃபென்ஸுக்கும் நடுவில் 25 மி.மீ. காலி இடம். எதுவும் சிக்காது. 170 வேண்டுமென்றால் ஃபென்ஸ் ஸ்கேலில் 195 வைக்க வேண்டும். பத்து இருபது துண்டுக்கு நான் இன்றும் இதைத்தான் செய்கிறேன். 72 துண்டுக்கு ஏன் ஒத்துவரவில்லை என்றால், பட்டை கட்டையைத் தொட்ட பிறகு கேஜோடு சேர்த்துக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். ஐம்பதாவது துண்டில் கை களைக்கும். களைத்த கை அரை மி.மீ. வழுக்கும். வெட்டின துண்டுகளும் பிளேடு பக்கத்தில் குவிந்து, ஒவ்வொரு தடவையும் மெஷினை நிறுத்தி எடுக்க வேண்டியிருக்கும்.

மைட்டர் கேஜுக்கே நீளமான ஒரு முகப்பலகை பொருத்தி, அதில் தடுப்புக் கட்டை வைக்கலாமே? வைக்கலாம், கேஜ் நல்லதாக இருந்தால். மெஷினோடு வருவது பெரும்பாலும் காடிக்குள் ஆடும். அதன் பட்டையின் ஓரத்தில் சென்டர் பஞ்சால் சின்னச் சின்னக் குழி அடித்தால் விளிம்பு உப்பி ஆட்டம் குறையும், பழைய தந்திரம். ஆனாலும் ஒரே ஒரு பட்டையில் ஓடுகிற கேஜ், மறுபக்கம் பிடிமானம் இல்லாமல் பலகையை மேஜைமேல் இழுத்துக்கொண்டு போகிறது. கோண வெட்டு அடிக்கடி வரும் ஆளுக்கு, படச்சட்டம் செய்பவருக்கு, டிகிரிக்கு டிகிரி பூட்டும் விலை உயர்ந்த கேஜ் நியாயமான செலவு. எனக்கு வேண்டியது 90 டிகிரி, 90 டிகிரி மட்டும்தான். அதற்கு அவ்வளவு காசு கொடுக்க மனம் வரவில்லை.

கடைசியில் ஸ்லெட். 12 மி.மீ. பிளைவுட் அடிப்பலகை, அடியில் இரண்டு காடியிலும் ஓடும் இரண்டு குச்சி, நம் பக்கம் ஒரு தடிமனான நேர் சட்டம், எதிர்ப்பக்கம் இரண்டு பாதியையும் கட்டிப்போட இன்னொரு சட்டம். முழுப் பலகையும் பிளேடின் மேல் சறுக்கிக்கொண்டு போகும். வெட்டும் துண்டும் மீதித் துண்டும் இரண்டுமே ஸ்லெட் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன, எதுவும் மேஜையில் உரசுவதில்லை. பிளேடு அடிப்பலகையில் போட்ட கோடு, வெட்டும் இடத்துக்கு ஒட்டினாற்போல் தாங்கல் கொடுப்பதால் அடிப்பக்கம் பிசிறு எழுவது வெகுவாகக் குறைகிறது. பிளைவுட்டில் குறுக்கு வெட்டுப் பிசிறு எப்படி வரும் என்று தெரிந்தவர்களுக்கு இது ஒன்றே போதும்.

நான் இரண்டு ஸ்லெட் செய்தேன். முதலாவது தோல்வி. குச்சிக்குக் கிடைத்த ஏதோ வெள்ளைமரத்தைப் போட்டேன். ஏப்ரலில் வெண்ணெய் மாதிரி ஓடியது, ஜூலை மழையில் காடிக்குள் இறுகி, சுத்தியால் தட்டித்தான் கழற்றினேன். பெங்களூரு சென்னை மாதிரி வருடம் முழுக்கக் கசகசப்பு இல்லை. பங்குனி, சித்திரையில் காற்று நன்றாகக் காயும், தென்மேற்குப் பருவம் வந்ததும் ஈரமாகும். மரம் இரண்டையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இரண்டாவதற்குப் பழைய ஜன்னல் ஒன்றிலிருந்து அறுத்த தேக்கு, வளையங்கள் நின்றவாக்கில் இருக்கும்படி. மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டேன். எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று, அவ்வளவுதான்.

சட்டத்தை 90-க்கு வைப்பதில்தான் ஸ்லெட்டின் உயிர். மூலைமட்டத்தை வைத்துப் பார்ப்பது ஆரம்பத்துக்குச் சரி, முடிவுக்குப் போதாது. ஐந்து வெட்டு முறை என்று ஒன்று இருக்கிறது. 400 மி.மீ. சதுரத் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு பக்கம் வெட்டி, வெட்டிய பக்கத்தைச் சட்டத்தில் ஒட்டித் திருப்பி அடுத்த பக்கம், இப்படி நான்கு பக்கம். ஐந்தாவதாக, முதலில் வெட்டிய பக்கத்திலேயே ஒரு இன்ச் அகலப் பட்டை எடுக்க வேண்டும். சட்டத்தில் உள்ள கோணல் ஒவ்வொரு திருப்பலிலும் கூடிக்கொண்டே வந்து அந்தப் பட்டையில் நான்கு மடங்காக நிற்கும். என் பட்டை ஒரு முனையில் 25.6, மறு முனையில் 25.2. வித்தியாசம் 0.4, நான்கால் வகுத்தால் 400 மி.மீ. நீளத்துக்கு 0.1. சட்டத்தின் ஒரு ஸ்குரூவை அச்சாக வைத்து, 400 மி.மீ. தள்ளி மறுமுனையை 0.1 நகர்த்த வேண்டும். 0.1 மி.மீ. என்பது சாதாரண ஏ4 தாள் ஒன்றின் தடிமன். பைக் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இருந்தால் இன்னும் நல்லது. எந்தப் பக்கம் நகர்த்துவது என்பதில் எல்லாரும் ஒருமுறையாவது தப்பு செய்வோம். நானும் செய்தேன், அடுத்த சோதனையில் கோணல் இரட்டிப்பானது. பென்சிலால் அம்புக்குறி போட்டு வைத்துக்கொண்டு மறுபடி செய்யுங்கள்.

அடுத்தது தடுப்புக் கட்டை. இதன் எதிரி மரத்தூள். கட்டையின் அடியில் தூள் சேர்ந்தால் துண்டு முழுதாக ஒட்டாது, ஒவ்வொன்றும் ஒரு மயிரிழை குறையும். முப்பதாவது துண்டில் பார்த்தால் முதலாவதோடு ஒத்துவராது. கட்டையின் கீழ்விளிம்பைச் சாய்வாக இழைத்துவிட்டால் தூள் அந்த இடுக்கில் ஒதுங்கிக்கொள்ளும். சட்டத்தின் அடியிலும் அதே போல ஒரு சின்னச் சாய்வு. பட்டையைக் கட்டையில் இடிக்காமல் தொட மட்டும் செய்யுங்கள். இடித்தால் கிளாம்ப் நகரும், நகர்ந்தது உங்களுக்குத் தெரியாது. டேப்பை முதல் துண்டுக்கு மட்டும் பயன்படுத்தினேன். அப்புறம் ஒவ்வொரு பத்துக்கும் ஒன்றை முதல் துண்டின் பக்கத்தில் நிறுத்தி, மேல்விளிம்பில் விரல் நுனியை ஓட்டினேன். கண்ணுக்குத் தெரியாத படியும் விரலுக்குத் தட்டும்.

ஸ்லெட்டின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அடிப்பலகை 12 மி.மீ. என்றால் பிளேடின் உயரத்தில் 12 மி.மீ. போயிற்று. அகலமான பலகை ஏறாது, என் ஸ்லெட்டில் 400-க்கு மேல் முடியாது. வெட்டு முடியும்போது பிளேடு நம் பக்கச் சட்டத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும், கட்டைவிரல் வழக்கமாக இருக்கிற இடத்தில். அங்கே ஒரு பெரிய கட்டையை ஒட்டி சிவப்பு பெயின்ட் அடித்திருக்கிறேன். பிளேடை மூடும் கார்டையும் இதில் போட முடியாது. அந்தச் சிவப்புக் கட்டை இல்லாத ஸ்லெட்டை யாராவது இரவல் கொடுத்தால் வாங்காதீர்கள்.

சரி, இவ்வளவு மெனக்கெடாமல் வெளியே கொடுத்து வெட்டினால் என்ன? பீன்யா பக்கம் பேனல் சா வைத்து ஜாப் ஒர்க் எடுக்கும் பட்டறைகள் உண்டு. மைசூர் ரோட்டில் டிம்பர் யார்டு லேஅவுட்டில் ஷீட் வாங்கும்போதே வெட்டிக் கொடுக்க ஆள் கிடைக்குமா என்று விசாரிக்கலாம். 1906-இல் பெர்லினில் வில்ஹெல்ம் ஆல்டென்டார்ஃப் கண்டுபிடித்த சறுக்கு மேஜை ரம்பத்தின் வாரிசுகள்தான் இந்த மெஷின்கள். நம் ஸ்லெட் சின்ன அளவில் செய்வதை, ஷீட் முழுவதையும் தாங்கும் வண்டியோடு செய்கின்றன. முன்னால் எதிர்த்திசையில் சுற்றும் குட்டி பிளேடு ஒன்று மைக்காவின் அடியை முதலில் கீறிவிடுவதால் அடிப்பக்கம் சில்லு பெயர்வது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. 2440-க்கு 1220 ஷீட்டை என் சின்ன மேஜையில் ஒற்றை ஆளாகத் தள்ளி மூலைமட்டமாக வெட்டுவேன் என்று சொன்னால் அது பொய். அலமாரியின் உடம்புக்கு வேண்டிய 18 மி.மீ. பலகைகளை வெளியில்தான் கொடுத்தேன்.

சின்னத் துண்டுகளை ஏன் கொடுக்கவில்லை? இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பட்டறையில் அறுபது துண்டு கொடுத்துப் பட்டது போதும். காலையில் ஒருவர் பாதி வெட்டினார். நடுவில் வேறொருவரின் அவசர வேலை வந்து ஃபென்ஸ் நகர்ந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொருவர் மீதியை வெட்டினார். இரண்டு குவியலுக்கும் நடுவே முக்கால் மி.மீ. வித்தியாசம். அவர்கள் பார்வையில் அது தப்பே இல்லை, ஷெல்ஃபுக்கு அது போதும்தான். பேச்சிலும் தகராறு வரும். நமக்கு ஒரு நூல் என்றால் இன்ச்சில் எட்டில் ஒன்று, 3 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். வடக்கிலிருந்து வந்த ஆபரேட்டர் அதையே சூத் என்பார். நான் "நூல் அளவு குறைச்சுக்கோ" என்று மயிரிழை என்கிற அர்த்தத்தில் சொன்னதை, யாரோ அக்கறையாக மொழிபெயர்த்து, அவர் முழுதாக 3 மி.மீ. குறைத்த கதையும் உண்டு. மி.மீ.யில் எழுதிக் கொடுங்கள். ஒரே அளவுத் துண்டுகளை ஒரே செட்டிங்கில், நடுவில் நகர்த்தாமல் வெட்டும்படி அந்தத் தாளிலேயே எழுதுங்கள்.

டிராக் சா, அதாவது தண்டவாளத்தின் மேல் ஓடும் கைச் சர்க்குலர் சா, பற்றிக் கேட்பவர்கள் அதிகம். அப்பார்ட்மென்ட் பால்கனியில் வேலை செய்பவருக்கு, இடம் இல்லாதவருக்கு, ஷீட்டைத் தரையில் போட்டே நேராக வெட்ட அருமையான சாமான். ஆனால் ஒவ்வொரு வெட்டுக்கும் தண்டவாளத்தைத் தூக்கி வைக்க வேண்டும். 72 முறை வைத்தால் 72 அளவு வரும். இணை வழிகாட்டிகள் வாங்கிப் போட்டால் பட்டைகள் ஒத்துவரும், 170 மி.மீ. துண்டு அப்போதும் தலைவலிதான்.

ஃபென்ஸை மட்டும் மாற்றலாமா என்று ஒரு யோசனை இருந்தது. டிவால்ட்டின் சைட் மெஷின்களில் வரும் மாதிரி, முன்னும் பின்னும் பல்சக்கரத்தில் சேர்ந்து நகர்கிற ஃபென்ஸ் இருந்தால் பாதித் தொல்லை போகும். புதிதாக மெஷின் வாங்குபவர் மோட்டார் எத்தனை வாட் என்று பார்ப்பதற்கு முன் ஃபென்ஸைப் பூட்டி, பின்முனையை ஆட்டிப் பார்த்து வாங்குங்கள். என் மெஷினுக்கு அப்படி ஒன்றைத் தேடி ஒட்டவைப்பதைவிட, பட்டைகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கிழிப்பது சுலபமாகப் பட்டது.

அப்படியே செய்தேன். இரண்டு ஷீட் 12 மி.மீ. பிளைவுட், ஒரே செட்டிங்கில் 120 மி.மீ. பட்டை, ஷீட்டுக்கு ஒன்பது. 2440 மி.மீ. பட்டையில் 300 மி.மீ. துண்டு எட்டு. எட்டு முந்நூறு 2400, பிளேடு தின்பது சுமார் 25, மீதி 15 மி.மீ. நுனி சீராக்க. ஸ்லெட்டில் 300-க்குக் கட்டையைப் பூட்டி 72-ஐயும் முடித்துவிட்டுத்தான் 170-க்கு நகர்த்தினேன். மதியம் தொடங்கியது விளக்கு வைக்கும் நேரத்துக்கு முடிந்தது.

பெட்டிகள் ஒத்துவந்தன. சொதப்பியது நான் வெளியே கொடுத்த உடம்பில். வெட்டியவர்மேல் தப்பில்லை. 18 மி.மீ. என்று வாங்கிய பிளைவுட் கேலிப்பரில் 17.5 காட்டியது. ஏழு செங்குத்துப் பலகைக்கு அரை மி.மீ. வீதம் 3.5 மி.மீ., மேல்பலகையும் கீழ்பலகையும் அவ்வளவு நீளமாக நின்றன. வரைபடத்தில் 18 என்று எழுதியது நான்தான். அந்த இரண்டு பலகையையும் மறுபடி எடுத்துப்போய் வெட்டிக்கொண்டு வந்தேன்.

தடுப்புக் கட்டையை நகர்த்துவதற்கு முன் ஒவ்வொரு நீளத்திலும் நான்கு துண்டு கூடுதலாக வெட்டி, கயிற்றில் கட்டி, ஆணியில் மாட்டியிருந்தேன். இந்த ஆடியில் கடைக்காரர் போன் செய்தார். கூரை ஒழுகி ஒரு பெட்டி உப்பிவிட்டதாம். கயிற்றை அவிழ்த்து நான்கு துண்டை எடுத்து ஃபெவிகால் போட்டு, மறுநாள் கொண்டுபோனேன். வசம்பு இருந்த குழியில் சொருகிப் பார்த்தார். உருவி, கடுக்காய்க் குழியிலும் சொருகிப் பார்த்தார்.